ஓநெட் ஆன்லைன்: வேலையின் பெயருக்கு உள்ளே பார்க்க ஒரு தளம்

"எந்த வேலைக்கு எதிர்காலம் இருக்கிறது?" என்ற ஒற்றைக் கேள்வியோடு, அமெரிக்கத் தொழில்களின் தரவுத்தளமான ஓநெட் ஆன்லைன் (O*NET OnLine) தளத்தைத் திறப்பவர்கள் பத்து நிமிடத்தில் மூடிவிடுவார்கள். அந்தக் கேள்விக்கு அங்கே இருக்கும் பதில்தான் தளத்தின் பலவீனமான பகுதி. "இப்போது பார்க்கும் வேலைக்குள் என்னென்ன பணிகள் இருக்கின்றன, அவற்றில் எது நிலைக்கும், எது என்னோடு அடுத்த வேலைக்கு வரும்?" என்று கேட்டுக்கொண்டு போனால் கதையே வேறு. அந்தக் கணக்கைப் போட இவ்வளவு நுணுக்கமான தரவை இலவசமாக, பெயர் முகவரிகூடக் கேட்காமல் தரும் இடம் அரிது. இரண்டு முழு நாட்களை ஒதுக்கத் தயாராக இருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால், இதைத் திறக்காமல் இருப்பதே மேல். பாதி படித்துவிட்டு எடுக்கும் முடிவு, படிக்காமல் எடுப்பதைவிட மோசமாகப் போகக்கூடும்.

தளத்தை நடத்துவது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவு பெற்ற ஒரு திட்டம். இதற்கு முன்னோடி 1938-இல் வந்த தொழிற்பெயர் அகராதி. பெருமந்தக் காலத்தில் வேலை இழந்தவர்களையும் காலியிடங்களையும் இணைக்கும் அலுவலகங்களுக்கு ஒரு பொதுவான சொல்வழக்கு தேவைப்பட்டதால் பிறந்தது அது. 1991-இல் கடைசியாகத் திருத்தப்பட்டபோது அதில் 12,000-க்கும் மேற்பட்ட தொழில்கள் இருந்தன. 1998-இல் ஓநெட் அதன் இடத்துக்கு வந்தபோது பெயர்ப் பட்டியல் சுருங்கி, ஒவ்வொரு பெயருக்கும் கீழே இருக்கும் விவரம் பெருகியது. 2019 வகைப்பாட்டின்படி 1,016 தொழிற்பெயர்கள்; அவற்றில் 923-க்குத் தரவு திரட்டப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் 35 திறன்கள், 33 அறிவுத் துறைகள், 52 ஆற்றல்கள், 41 பொதுச் செயல்பாடுகள், 57 பணிச்சூழல் அம்சங்கள் அளக்கப்படுகின்றன. எல்லாத் தொழில்களையும் சேர்த்தால் தனித்தனிப் பணி வாக்கியங்கள் மட்டும் ஏறத்தாழ 19,000.

இந்தப் பணி வாக்கியங்கள்தான் தளத்தின் உயிர். மற்றவை எல்லாம் இதைச் சுற்றி.

பணிகளை ஏன் எண்ண வேண்டும்

2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கார்ல் ஃப்ரே, மைக்கேல் ஆஸ்போர்ன் இருவரும் ஓநெட் தரவை வைத்து 702 தொழில்களை ஆராய்ந்து, அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் கணினிமயமாகும் அபாயத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி ஆனது. 2016-இல் பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடிக்காக ஆர்ன்ட்ஸ், கிரெகரி, ஜியரான் மூவரும் அதே கேள்வியை எடுத்து, தொழிற்பெயரை விட்டுவிட்டு ஒவ்வொரு ஊழியரும் உண்மையில் செய்யும் பணிகளைப் பார்த்தார்கள். 21 நாடுகளுக்குச் சராசரியாக அவர்களுக்குக் கிடைத்தது 9 சதவீதம்.

47-க்கும் 9-க்கும் இடையிலான தூரத்தை உண்டாக்கியதில் பெரும்பங்கு அளவுகோலுக்கு. முதல் ஆய்வு தொழிலை ஒரே கட்டியாக வைத்து எடை போட்டது. இரண்டாவது, ஒரே பெயரில் இருக்கும் இரண்டு பேர் நாள் முழுக்கச் செய்வது வேறு வேறாக இருக்கும் என்பதைக் கணக்கில் எடுத்தது. 2023-இல் ஓபன்ஏஐ, பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாட்ஜிபிடி போன்ற கருவிகளுக்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரிகளின் தாக்கத்தை ஓநெட் பணிகளை வைத்தே அளந்தார்கள்: அமெரிக்க ஊழியர்களில் சுமார் 80 சதவீதத்தினரின் பணிகளில் குறைந்தது 10 சதவீதம் பாதிப்புக்குள் வரலாம், சுமார் 19 சதவீதத்தினருக்கு அது குறைந்தது பாதியளவு பணிகளைத் தொடலாம் என்றார்கள். கவனியுங்கள், அவர்கள் அளந்தது பாதிப்புக்கு உள்ளாகும் வாய்ப்பை; வேலை இழப்பை அல்ல.

ஆகவே "கணக்காளர் வேலை போய்விடுமா?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடையாது. "வாரம் 40 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் போகும்?" என்ற கேள்விக்கு உண்டு. அதை ஒருவர் தனக்குத் தானே போட்டுப் பார்க்கலாம்.

முதல் நாள்: உங்கள் வேலையைப் பிரித்துப் போடுவது

தேடல் பெட்டியில் உங்கள் பதவிப் பெயரை அடிக்காதீர்கள். நிறுவனங்கள் பதவிக்கு வைக்கும் பெயர்களுக்கு ஒரு ஒழுங்கும் இல்லை. 'எக்ஸிகியூட்டிவ்' என்பது ஒரு இடத்தில் எழுத்தர், இன்னொரு இடத்தில் இயக்குநர். நீங்கள் செய்யும் இரண்டு மூன்று காரியங்களை வினைச்சொற்களாக எழுதித் தேடுங்கள். பணிகளை வைத்துத் தேட மேம்பட்ட தேடல் பிரிவில் தனி வசதியே இருக்கிறது. வந்து நிற்கும் நான்கைந்து தொழில்களின் பணிப் பட்டியலையும் படித்து, எதில் பாதிக்கு மேல் உங்கள் நாளோடு ஒத்துப்போகிறதோ அதை எடுங்கள். இரண்டு தொழில்கள் சம அளவில் ஒத்துப்போனால் இரண்டையும் எடுங்கள். அப்படிக் கலந்த வேலைகள் நிறைய இருக்கின்றன.

ஒவ்வொரு தொழிலுக்கும் சுருக்கம், விவரம் என்று இரண்டு விதமான அறிக்கை உண்டு. சுருக்கத்தில் பணிகளுக்கும் திறன்களுக்கும் முக்கியத்துவ எண்கள் இல்லை. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விவர அறிக்கைக்குப் போய்ப் பணி அட்டவணையை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். சில பணிகள் 'மையப் பணி' என்றும் சில 'துணைப் பணி' என்றும் குறிக்கப்பட்டிருக்கும். கேட்கப்பட்டவர்களில் குறைந்தது 67 சதவீதத்தினர் "இது என் வேலையில் உண்டு" என்று சொல்லி, முக்கியத்துவச் சராசரி 5-க்கு 3-ஐத் தொட்டால்தான் அது மையப் பணி. துணைப் பணிகளை உடனே அழித்துவிடாதீர்கள். பலருக்கு எதிர்காலம் அந்தத் துணைப் பட்டியலில்தான் ஒளிந்திருக்கிறது.

அட்டவணையில் மூன்று பத்திகளை (நெடுவரிசைகளை) சேர்க்க வேண்டும். ஒன்று, வாரத்துக்கு எத்தனை மணி நேரம். இரண்டு, கருவிக்கு எவ்வளவு பிடிபடும்: பெரும்பகுதியை மென்பொருளே செய்துவிடும் என்றால் 2, பாதியைச் செய்யும், மீதியை மனிதர் சரிபார்க்க வேண்டும் என்றால் 1, இப்போதைக்குத் தொட முடியாது என்றால் 0. மூன்று, அது தவறினால் யார் பொறுப்பேற்றுப் பதில் சொல்ல வேண்டும்.

கணக்கெழுத்தர் வேலையை, அதாவது 43-3031.00 என்ற குறியீட்டில் இருப்பதை, ஒரு மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். பின்வரும் மணி நேரங்கள் கணக்கைக் காட்டுவதற்காகப் போட்டவை. உங்களுடையது வேறாக இருக்கும். வவுச்சர், இன்வாய்ஸ் பதிவு 14 மணி நேரம், மதிப்பு 2. வாராந்திர அறிக்கை தயாரிப்பு 6 மணி நேரம், மதிப்பு 2. பேங்க் ரீகன்சிலியேஷன் (நம் கணக்கை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) 8 மணி நேரம், மதிப்பு 1. வரிக் கணக்கு சரிபார்ப்பு 4 மணி நேரம், மதிப்பு 1. வாடிக்கையாளர், சப்ளையர் தகராறு தீர்ப்பது 5 மணி நேரம், மதிப்பு 0. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் முதலாளிக்கு விளக்குவதும் 3 மணி நேரம், மதிப்பு 0. பெருக்கிக் கூட்டினால் 28, 12, 8, 4 சேர்ந்து 52. எல்லாமே மதிப்பு 2 ஆக இருந்தால் 80 வரும். ஆக 65 சதவீதம்.

அந்த 65-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது, மதிப்பு 2 விழுந்த 20 மணி நேரத்தை. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அந்த 20 மணி நேரத்துக்கு உங்களுக்குச் சம்பளம் தர முதலாளிக்குக் காரணம் குறைந்துகொண்டே வரும். அந்த நேரத்தை மதிப்பு 0 வரிகளுக்கு நகர்த்துவதுதான் தொழில் திட்டம் என்ற பெரிய சொல்லின் நடைமுறை அர்த்தம். வேலையை விடாமலேயே இதைத் தொடங்கலாம்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று. நினைவிலிருந்து மணி நேரத்தை நிரப்புவது முதல் தவறு. எரிச்சலூட்டும் பணிக்கு நேரம் கூடுதலாகவும், பழகிப்போன பணிக்குக் குறைவாகவும்தான் மனதில் பதிந்திருக்கும். ஒரு முழுச் சுழற்சிக்கு அரை மணிக்கு ஒரு முறை குறித்துவைத்த நாட்குறிப்பு இந்த முதல் நாளுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். கணக்கு வேலைக்கு அது ஒரு மாதம், ஏனென்றால் மன்த் எண்ட் க்ளோசிங் (மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு) விடுபட்டால் படம் பிசகிவிடும். இரண்டாவது, பட்டியலில் இல்லாத தன் பணிகளைச் சேர்க்காமல் விடுவது. ஓநெட் காட்டுவது சராசரி ஊழியரை. அலுவலகத்தில் எல்லோரும் கேட்டு வரும் அந்த ஒரு காரியம் உங்களிடம் இருந்தால் அது அங்கே இருக்காது. மூன்றாவது, பிடித்த பணிக்கு 0 போட்டுவிடுவது. இதற்கு மருந்து, மூன்றாவது பத்தி. "இதில் பிழை நேர்ந்தால் மென்பொருள்மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் 0 போட வேண்டாம்.

இந்த மதிப்பீட்டுக்கு உதவ விவர அறிக்கையின் பணிச்சூழல் பகுதியைப் படியுங்கள். அதே பணியை எவ்வளவு திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், தானியக்கம் எந்த அளவில் ஏற்கெனவே வந்துவிட்டது, பிழையின் விளைவு எவ்வளவு கடுமையானது, முடிவெடுக்கும் சுதந்திரம் எவ்வளவு, நேருக்கு நேர் பேச்சு எத்தனை முறை என்பதற்கெல்லாம் ஊழியர்கள் சொன்ன பதில்கள் சதவீதத்தில் இருக்கும். 2020-இல் டிங்கல், நெய்மன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க வேலைகளில் 37 சதவீதத்தை வீட்டிலிருந்தே முழுமையாகச் செய்ய முடியும் என்று கணக்கிட்டது ஓநெட்டின் இத்தகைய பதில்களை வைத்துத்தான்.

இரண்டாம் நாள்: பக்கத்து வேலைக்குப் பாலம்

ஒவ்வொரு தொழில் பக்கத்திலும் 'தொடர்புடைய தொழில்கள்' என்று 20 வரை கொடுக்கப்பட்டிருக்கும். என்ன செய்கிறார்கள், என்ன தெரிந்திருக்கிறது, என்ன பெயரில் அழைக்கப்படுகிறார்கள் என்ற மூன்றையும் ஒப்பிட்டு உருவாக்கிய பட்டியல். நல்ல தொடக்கம்தான், ஆனால் இதிலேயே நின்றுவிடக் கூடாது: ஒத்த வேலைகள் ஒத்த காரணத்தால் விழும். உங்கள் 20 மணி நேரத்தை விழுங்கும் அதே மென்பொருள் பட்டியலின் முதல் மூன்று தொழில்களையும் விழுங்கக்கூடும். பட்டியலிலிருந்து மூன்று, உங்கள் மதிப்பு 0 பணிகளை மட்டும் போட்டுத் தேடினால் வருவதிலிருந்து இரண்டு என்று ஐந்து தொழில்களை எடுங்கள். முன்பு சொன்ன மாதிரியில் தகராறு தீர்ப்பு, சொல்லிக்கொடுத்தல், விளக்கம் சொல்லுதல் என்று தேடினால், விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் விதிமுறை இணக்க அலுவலர் போன்ற, சொல்லாவிட்டால் நினைவுக்கே வராத தொழில்களின் பணிப் பட்டியல்களைப் படித்துப் பார்க்கத் தோன்றும்.

அடுத்து எண்களை ஒப்பிட வேண்டும். இந்த இடத்தில் சறுக்குபவர்கள் அதிகம் என்பதால் பொறுமையாகப் பாருங்கள்.

ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு எண்கள் உண்டு: முக்கியத்துவம், நிலை. முக்கியத்துவம் 1 முதல் 5 வரை கேட்கப்படுகிறது; நிலை 0 முதல் 7 வரை. இரண்டையும் 0 முதல் 100 வரையிலான அளவுக்கு மாற்றிக் காட்டுகிறார்கள். மூல எண்ணிலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்து, அளவின் அகலத்தால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் அந்த எண். எனவே முக்கியத்துவத்தில் 50 என்பது மூலத்தில் 3, அதாவது 'முக்கியம்' என்ற பதில். பள்ளி மதிப்பெண் போல நினைத்து "பாதிதானே" என்று 50-ஐத் தள்ளிவிட்டால், அந்தத் தொழிலுக்குத் தேவையான திறன்களில் ஒன்றைத் தள்ளிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நிலைதான் பாலத்தின் நீளத்தைச் சொல்லும். படித்துப் புரிந்துகொள்ளும் திறன் எழுத்தருக்கும் முக்கியம், வழக்கறிஞருக்கும் முக்கியம். முக்கியத்துவ எண்ணை மட்டும் பார்த்தால் இருவருக்கும் இடையே பெரிய தூரம் இல்லை என்று தோன்றும். ஒருவர் படிப்பது அலுவலகக் குறிப்பு, மற்றவர் படிப்பது சட்டம். அந்த வித்தியாசம் நிலை எண்ணில் இருக்கிறது. குறை என்னவென்றால், தொழில் அறிக்கையில் முக்கியத்துவம்தான் முன்னால் நிற்கிறது. நிலை எண் வேண்டுமானால் ஒரு திறனைத் தேர்ந்தெடுத்து எல்லாத் தொழில்களையும் வரிசைப்படுத்தும் பக்கத்துக்குப் போக வேண்டும், அல்லது முழுத் தரவுத்தொகுப்பையும் இறக்கிக்கொள்ள வேண்டும். மிக உபயோகமான எண்ணை இப்படி இரண்டு கிளிக் தள்ளி வைத்திருப்பது இந்தத் தளத்தின் வடிவமைப்பில் எங்களுக்குப் பெரிய வருத்தம்.

இலக்குத் தொழிலில் முக்கியத்துவம் 50 அல்லது அதற்கு மேல் இருக்கும் திறன்களை மட்டும் எடுங்கள். அவற்றில் உங்கள் தொழிலின் நிலைக்கும் இலக்கின் நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள். எங்கள் கைக்கணக்கு இது: 10 புள்ளிக்குள் இருந்தால் வேலையில் சேர்ந்து பழகிக்கொள்ளலாம், 10 முதல் 20 வரை என்றால் சேர்வதற்கு முன்பே பயிற்சியும், காட்டுவதற்கு ஒரு வேலை மாதிரியும் வேண்டும், 20-க்கு மேல் இரண்டு மூன்று திறன்களில் இருந்தால் இடையில் இன்னொரு வேலையைப் படிக்கட்டாக வைக்க வேண்டும். அறிவுத் துறைகளுக்கும் இதே கணக்கு. 52 ஆற்றல்களில் பார்வை, செவிப்புலன், உடல்வலு சார்ந்தவற்றை மட்டும் ஒரு முறை பாருங்கள். மற்றவற்றில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

பிறகு 'ஜாப் ஜோன்', அதாவது வேலை மண்டலம். தயாரிப்புக் காலத்தை வைத்துத் தொழில்களை 1 முதல் 5 வரை பிரித்திருக்கிறார்கள். இதற்குப் பின்னால் பழைய அகராதியிலிருந்து வந்த ஒரு பயிற்சிக் கால அளவு இருக்கிறது: 6 என்றால் ஓராண்டுக்கு மேல் இரண்டாண்டு வரை, 7 என்றால் நான்காண்டு வரை, 8 என்றால் பத்தாண்டு வரை. மூன்றாம் மண்டலம் அந்த அளவில் 6-லும், நான்காவது 7-லும், ஐந்தாவது 8-லும் தொடங்குகின்றன. இந்தக் காலத்தில் கல்லூரி, தொழிற்பயிற்சி, வேலையிலேயே கற்பது எல்லாம் அடக்கம். எலக்ட்ரீஷியன் மூன்றாம் மண்டலம், மென்பொருள் உருவாக்குநர் நான்காம் மண்டலம். முதலாமவருக்குப் பட்டம் தேவையில்லை என்பதால் உள்ளே நுழைவது சுலபம் என்று எண்ணிவிடக் கூடாது. பொருளாதாரம் தள்ளாடும் நேரத்தில் ஒரே தாவலில் இரண்டு மண்டலம் ஏறத் திட்டமிடுவது ஆபத்து. படிப்புக்குக் கட்டணம், அதோடு வருமானம் இல்லாத மாதங்கள், முடித்து வெளியே வரும்போது சந்தை எப்படி இருக்கும் என்று தெரியாமை, மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன. ஒரு மண்டலம் மட்டும் ஏறி, அங்கே சம்பாதித்துக்கொண்டே அடுத்ததற்குத் தயாராவது மெதுவானது, ஆனால் நடுவில் நின்றாலும் கையில் ஒரு வேலை இருக்கும்.

தொழில்நுட்பக் கருவிகள் பட்டியலில் 'ஹாட் டெக்னாலஜி', 'இன் டிமாண்ட்' என்ற குறிகள் வரும். இவை முதலாளிகளின் வேலை விளம்பரங்களிலிருந்து எடுத்தவை. எல்லாவற்றையும் கற்கப் புறப்படாமல், உங்கள் ஐந்து இலக்குகளில் குறைந்தது மூன்றில் இடம்பெறும் கருவிகளை மட்டும் வட்டமிடுங்கள். அலுவலகத் தொழில்களில் விரிதாளும், தரவுத்தளங்களிலிருந்து தகவல் எடுக்கும் எஸ்க்யூஎல் மொழியும் இப்படித் திரும்பத் திரும்ப வரும். திட்டம் பாதியில் மாறினாலும் வீணாகாத படிப்பு அதுதான்.

'பிரகாசமான எதிர்காலம்' குறியை எப்படிப் படிப்பது

சில தொழில்களுக்குப் பக்கத்தில் ஒரு சூரியன் படம் இருக்கும். எதிர்காலம் பிரகாசம் என்பது அதன் பொருள். அதைப் பார்த்துத்தான் பலர் முடிவெடுக்கிறார்கள். அதைத்தான் கடைசியாகப் பார்க்க வேண்டும்.

வேகமான வளர்ச்சி எதிர்பார்க்கப்படும் தொழிலுக்கும் இந்தக் குறி கிடைக்கலாம், பத்தாண்டில் ஏராளமான காலியிடங்கள் எதிர்பார்க்கப்படும் தொழிலுக்கும் கிடைக்கலாம். காலியிடம் என்பதில் ஓய்வு பெறுபவர்கள், வேலை மாறிப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் இடங்களும் அடங்கும். ஆட்கள் தங்காமல் ஓடும் தொழிலிலும் காலியிடம் அதிகமாகத்தான் இருக்கும். குறியை அழுத்தி, அது எந்தக் காரணத்துக்காகக் கிடைத்தது என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

இதைவிட முக்கியமான விஷயம், அந்தப் பத்தாண்டுக் கணிப்பின் அடித்தளம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை அதைப் போடும்போது, இலக்கு ஆண்டில் பொருளாதாரம் முழு வேலைவாய்ப்பு நிலையில் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறது. நடுவில் வரும் மந்தங்களை அது கணிப்பதில்லை. கணிக்க முனைவதும் இல்லை. நிச்சயமற்ற காலத்துக்குத் திட்டம் போடுகிறவர், நிச்சயமற்ற தன்மையை நீக்கிவிட்டுப் போட்ட எண்ணை அடிப்படையாக வைக்க முடியாது.

மந்தத்தைத் தாங்குமா என்று பார்க்க இதே பக்கத்தில் வேறு ஒரு வழி இருக்கிறது. சம்பளம், வேலைவாய்ப்புப் பகுதியில் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எந்தெந்தத் துறைகளில் வேலை செய்கிறார்கள் என்று இருக்கும். ஒரே துறையில் குவிந்திருக்கும் தொழில் அந்தத் துறையோடு எழும், அந்தத் துறையோடு விழும். 2020-இல் விமானங்கள் நின்றபோது விமானப் பணியாளர்களுக்குத் தங்கள் பதவிப் பெயரோடு போய்ச் சேர வேறு துறை இல்லை. அதே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு இருந்தது. இரண்டு இலக்குகள் மற்றபடி சமமாக இருந்தால், அதிகத் துறைகளில் பரவியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் சம்பாதிக்கும் துறையும் சேமிப்பை முதலீடு செய்திருக்கும் துறையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதையும் இந்த இடத்திலேயே யோசித்துக்கொள்ளலாம்.

விருப்பத் தேர்வு

ஓநெட்டின் விருப்பச் சோதனையில் 60 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் மிகவும் பிடிக்காது முதல் மிகவும் பிடிக்கும் வரை ஐந்து பதில்கள். உளவியலாளர் ஜான் ஹாலண்ட் வகுத்த ஆறு விருப்ப வகைகளுக்குப் பத்துப் பத்து வாக்கியங்கள். ஒவ்வொரு வகைக்கும் 0 முதல் 40 வரை மதிப்பெண். கால் மணி நேர வேலை. சம்பளம், படிப்பு எதையும் நினைக்காமல் அந்தச் செயல் பிடிக்குமா என்று மட்டும் பதில் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் "தெரியவில்லை" என்று போட்டால் ஆறு மதிப்பெண்களும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். அந்த முடிவுக்குப் பொருள் இல்லை. முதல் மூன்று வகைகளுக்குள் மூன்று நான்கு மதிப்பெண்தான் வித்தியாசம் என்றால் அவற்றின் வரிசையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இது விருப்பத்தை அளக்கிறது, திறமையை அளக்கவில்லை. ஐந்து இலக்குகளில் ஒன்றை நீக்கப் பயன்படுத்தலாம், ஒன்றைப் புதிதாகச் சேர்க்க இது மட்டும் போதாது.

எது எல்லை தாண்டும், எது தாண்டாது

தரவு முழுவதும் அமெரிக்காவுடையது. பணிகள், திறன்கள், அறிவுத் துறைகள், பணிச்சூழல் ஆகியவை மற்ற நாடுகளுக்கும் ஓரளவு பொருந்தும். வெல்டரின் டார்ச் எந்த நாட்டிலும் டார்ச்தான். சம்பளம், காலியிடக் கணிப்பு, உரிமத் தேவை, கல்வித் தகுதிச் சதவீதம் இவற்றை வேறு நாட்டில் இருப்பவர்கள் அப்படியே விட்டுவிட வேண்டும். தளம் ஆங்கிலத்தில் இருக்கிறது, வேலை தேடுவோருக்கான எளிய வடிவம் ஸ்பானிய மொழியிலும் உண்டு, தமிழில் இல்லை.

இடைவெளியை அடைக்க வேலை விளம்பரங்களை எண்ணுவதுதான் வழி. இலக்குத் தொழிலுக்கு நீங்கள் வேலை பார்க்கப்போகும் சந்தையில் வந்த 30 விளம்பரங்களை எடுத்து, ஓநெட் சொன்ன பணிகளையும் கருவிகளையும் ஒரு பத்தியில் எழுதி, எத்தனை விளம்பரத்தில் வருகிறது என்று கோடு போடுங்கள். 20-க்கு மேல் வந்தால் அது இல்லாமல் விண்ணப்பிப்பதில் பயனில்லை. 10-க்குக் கீழே வந்தால் இப்போது கற்க வேண்டாம். ஓநெட்டில் இல்லாமல் விளம்பரத்தில் மட்டும் திரும்பத் திரும்ப வருவதைத் தனியாகக் குறியுங்கள். உள்ளூர்ச் சட்டம், உள்ளூர் மென்பொருள் போன்றவை அங்கேதான் பிடிபடும். ஒரே நிறுவனம் ஒரே இடத்துக்குப் பலமுறை போடும் விளம்பரத்தை ஒன்றாகவே எண்ண வேண்டும்.

தரவின் வயதும் சிக்கல்தான். தரவுத்தொகுப்பு ஆண்டுக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் எல்லாத் தொழில்களும் புதுப்பிக்கப்படுவதில்லை. இறக்கிய தரவுத்தொகுப்பின் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் தேதி இருக்கிறது; உங்கள் இலக்கின் பணித் தரவு ஐந்தாண்டுக்கு முந்தையது என்றால் விளம்பர எண்ணிக்கைக்கு அதிக எடை கொடுங்கள். வகைப்பாடும் மெதுவாகத்தான் மாறும், ஏனென்றால் அது அமெரிக்க அரசின் 2018 தொழில் வகைப்பாட்டை ஒட்டியது. நேற்று பிறந்த பதவிப் பெயர் தனித் தொழிலாக இருக்காது. ஏதோ ஒரு பழைய தொழிலின் மாற்றுப் பெயர்ப் பட்டியலில் இருக்கும்.

மாற்று வேண்டுவோருக்கு ஐரோப்பிய ஆணையத்தின் தொழில், திறன் வகைப்பாடான எஸ்கோ இருக்கிறது. பல மொழிகளில், ஒவ்வொரு தொழிலுக்கும் அவசியத் திறன், விருப்பத் திறன் என்று பிரித்துத் தருகிறது. பெயர்கள் இன்னும் நுணுக்கம். ஆனால் முக்கியத்துவமோ நிலையோ எண்ணாக இல்லாததால் மேலே சொன்ன பாலக் கணக்கை அதில் போட முடியாது. இரண்டையும் இணைக்கும் பொருத்தப் பட்டியல் வெளியாகியிருக்கிறது. எஸ்கோ வழியாக, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவின் ஐஎஸ்சிஓ-08 என்ற தொழில் குறியீட்டுக்கும், அங்கிருந்து பல நாடுகளின் சொந்த வகைப்பாட்டுக்கும் போய்விடலாம். ஏஐ உரையாடல் கருவிகளிடம் கேட்பவர்கள், இறக்கிய கோப்பை அவற்றுக்குக் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். கோப்பு இல்லாமல் கேட்டால், இல்லாத எண்களை இருப்பதுபோல் சொல்லிவிடும் அபாயம் உண்டு.

முதல் வேலையே இன்னும் கிடைக்காத மாணவர்களுக்கு இந்தக் கருவி பாதிப் பயன்தான் தரும். மணி நேரம் போட அவர்களிடம் நாள் இல்லை. அவர்கள் விருப்பச் சோதனை, பணிச்சூழல், துறைப் பரவல் மூன்றோடு நிறுத்திக்கொண்டு, விளம்பர எண்ணிக்கைக்கு நேரம் கொடுக்கலாம். ஏற்கெனவே ஐந்தாறு ஆண்டு அனுபவத்தோடு ஒரு வேலையில் இருந்து, அடுத்து என்ன என்று தவிப்பவர்களுக்குத்தான் இது முழுதாகக் கை கொடுக்கும்.

கோப்பைச் சேமிக்கும்போது பெயரில் தரவுத்தொகுப்பின் பதிப்பு எண்ணையும் தேதியையும் சேர்த்து எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து நாட்குறிப்பை மறுபடி எடுத்து அதே மூன்று பத்திகளை நிரப்பும்போது, மதிப்பு 2 விழுந்த 20 மணி நேரம் எவ்வளவாகக் குறைந்திருக்கிறது, விடுபட்ட நேரம் எந்த வரியில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.